தொலைவழி அறுவை ரோபோ: வரலாறும் வடிவமைப்பும்

தொலைவழி அறுவை ரோபோவில் மருத்துவர் ஓரிடத்தில் அமர்ந்து கைப்பிடிகளை இயக்குவார். நோயாளியின் அருகிலுள்ள இயந்திரக் கைகள் அந்த அசைவுகளைச் செய்யும். பெயரில் தொலைவு முன்னே நின்றாலும், தொலைவை வெல்வதற்கென்றே நடந்த முயற்சிகள் பெரும்பாலும் செயல்விளக்கத்தோடு நின்றுபோயின. மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் முதுகுக்கும் உதவியவையே மருத்துவமனைகளில் நிலைத்தன. அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் பிலிப் கிரீனின் குழு இந்த நுட்பத்தை உருவாக்கியபோது, போர்முனையில் காயம்பட்ட வீரருக்குப் பாதுகாப்பான இடத்திலிருந்தே அறுவை செய்யலாம் என்று ராணுவம் ஆர்வம் காட்டியது. அதே நுட்பத்தின் வழிவந்த ‘டா வின்சி’ 2000இல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆனால் அதில் மருத்துவர் அமர்வது அதே அறையில், நோயாளியிலிருந்து சில அடி தள்ளித்தான். முப்பரிமாணப் பார்வை, கை நடுக்கத்தை வடிகட்டும் திறன், சிறு துளைக்குள்ளும் மணிக்கட்டுபோல் திரும்பும் கருவிமுனை, மணிக்கணக்கில் குனிந்து நிற்க வேண்டாத வசதி ஆகியவற்றுக்காகவே மருத்துவமனைகள் அதை வாங்கின.

தொலைவின் பக்கம் நின்ற பெரும் சான்று 2001 செப்டம்பர் 7 அன்று கிடைத்தது. நியூயார்க்கிலிருந்த ழாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் இருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை ‘ஜீயஸ்’ ரோபோவால் 54 நிமிடத்தில் அகற்றினார். கை அசைவுக்கும் திரையில் அதன் விளைவு தெரிவதற்கும் இடையே சுமார் 155 மில்லி விநாடி தாமதம். அதைச் சாதிக்கத் தனிக் கண்ணாடி இழைத் தடம் வேண்டியிருந்தது. நோயாளியின் அருகிலும் அறுவை மருத்துவர்கள் இருந்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் இரண்டாண்டுக்குள் ஜீயஸைத் தயாரித்த நிறுவனம் போட்டி நிறுவனத்தோடு இணைந்து, அந்த ரோபோவே வழக்கொழிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு முயற்சியில்தான் கற்க நிறைய இருக்கிறது. 2003 முதல் கனடாவின் ஹாமில்டனிலிருந்து மெஹ்ரான் அன்வாரி, சுமார் 400 கி.மீ. தள்ளியிருந்த நார்த் பே நகர மருத்துவமனையில் 20க்கும் மேற்பட்ட அறுவைகளை நடத்தினார். அங்கே உள்ளூர் மருத்துவரும் சேர்ந்தே அறுவை செய்தார், செய்யக் கற்றார்.

இந்தியாவில் 2018 டிசம்பரில் காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்திலிருந்து தேஜஸ் படேல், 32 கி.மீ. தள்ளி அகமதாபாத்தில் இருந்த ஐந்து பேருக்கு இதயத் தமனி அடைப்பை நீக்கினார். அவர் பயன்படுத்திய ‘கோர்பாத்’ கருவியின் மூல நோக்கம் வேறு: எக்ஸ்ரே கதிர்வீச்சிலிருந்தும், ஆண்டுக்கணக்கில் ஈய மேலங்கி சுமப்பதால் வரும் முதுகு வலியிலிருந்தும் மருத்துவரைக் காப்பது. அந்த ஐவருக்கும் இருந்தவை எளிய அடைப்புகளே. கட்டிலருகே இதய மருத்துவர் ஒருவரும் இருந்தார். கருவியைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கிய சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ், 2023இல் அதன் இதயப் பயன்பாட்டைக் கைவிட்டது. எளிய அடைப்பைக் கையாலேயே விரைவாகச் சரிசெய்ய முடிகிறபோது ரோபோவை யார் நாடுவார்?

தொடுவுணர்வு நெடுநாள் விடுபட்டுப்போன இன்னொரு தேவை. தூத்துக்குடியில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில், தோணியில் கயிற்றைப் பிடித்திருந்தவருக்கு அடியில் இருப்பவரின் நிலையைச் சொன்னது கயிற்றின் இழுப்புதான். டா வின்சியின் மருத்துவர் இருபதாண்டுக்கும் மேலாக அப்படியோர் இழுப்பு இல்லாமல், திசு வெளுப்பதையும் நூல் விறைப்பதையும் கண்ணால் பார்த்தே விசையை ஊகித்தார். பழகிய கண் போதும் என்று வாதிட்டவர்கள் முற்றிலும் தவறில்லை. லட்சக்கணக்கான அறுவைகள் அப்படித்தான் நடந்தன. ஆனாலும் 2024இல் அனுமதி பெற்ற ‘டா வின்சி 5’ விசையை உணர்த்தும் கருவிகளோடு வந்தது. அதற்கு முன்பே, முகத்தைப் பெட்டிக்குள் புதைத்துக்கொள்ளும் அமைப்புக்கு மாற்றாகத் திறந்த மேசை அமைப்பும் வந்துவிட்டது. குருகிராமில் சுதிர் ஸ்ரீவஸ்தவா தொடங்கிய நிறுவனத்தின் ‘எஸ்எஸ்ஐ மந்த்ரா’வில் மருத்துவர் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, அறையிலிருப்பவர்களைப் பார்த்துப் பேசியபடியே வேலை செய்கிறார்.

அதே மந்த்ரா 2025 ஜனவரியில் குருகிராமிலிருந்து 286 கி.மீ. தொலைவிலுள்ள ஜெய்ப்பூரில் இதய அறுவையில் பயன்பட்டது. தாமதம் 40 மில்லி விநாடி அளவுதான். அப்படியானால் பழைய தோல்விகளைச் சொல்லித் தயங்குவதேன், தூத்துக்குடிக்குச் சென்னை நிபுணர் இனி எட்டும் தூரம்தானே என்று கேட்கலாம். தாமதம் குறைந்தது உண்மை. ஆனால் தடம் அறுந்தால் அந்தக் கணமே வயிற்றைத் திறந்து வேலையை முடிக்கும் அறுவை மருத்துவரும், மயக்க மருத்துவரும், ரோபோவைப் பொருத்தத் தெரிந்த செவிலியரும் நோயாளியின் பக்கம் இருந்தாக வேண்டும். இவர்கள் இல்லாத ஊரில் ரோபோ பயன்படாது. இருக்கும் ஊரில் தேவை வேறாகிவிடுகிறது. தூத்துக்குடியில் 2000 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. திருநெல்வேலி சாலை வழியே சுமார் 50 கி.மீ.தான். தூத்துக்குடியின் நிலைமை நார்த் பே போலன்று. நோயாளியை அனுப்ப வழியிருக்கிற இடத்தில், கடினமான கட்டத்தில் உள்ளூர் மருத்துவருக்குத் துணை நிற்கும் மூத்த கைதான் அரிது. 2009இல் வந்த ‘டா வின்சி எஸ்ஐ’ இரண்டு மருத்துவர்கள் இரு மேசைகளிலிருந்து கருவியை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வழி செய்தது. ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவை மையம் திறந்த தமிழ்நாடு, அடுத்து இந்தக் கரைக்கு எதையேனும் கொண்டுவருமானால், அந்த இரண்டாம் மேசையைச் சென்னையில் வைத்து முதல் மேசையைத் தூத்துக்குடி மருத்துவரிடம் விடும் அமைப்பே செலவுக்கு ஈடு தரும்.