மதிலுக்கு வெளியே: தில்லையும் பரங்கிப்பேட்டையும் கண்ட பல்கலைக்கழகம்

வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டை, வந்தாரைப் பலராகக் கண்ட ஊர். போர்த்துக்கீசியர் வந்தனர், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். 1781-இல் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இவ்வூர்ப்புறத்தே பொருதன. 1830-களில் ஹீத் என்பார் நிறுவிய இரும்பாலையும் நிலைக்கவில்லை. வென்று செல்ல வந்தோரும் விற்றுச் செல்ல வந்தோரும் போயினர். 1960-களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இங்கு நிறுவிய கடல் உயிரியல் ஆய்வு மையமோ ஊரோடு நிலைத்தது. கற்றோர் ஓரிடத்தில் நிலைத்தால் அவ்வூர்க்கு அவர் படும் கடன் யாது? இம்மையத்தை ஈன்ற பல்கலைக்கழகத்தின் வரலாறே இவ்வினாவுக்கு விடை தருகிறது.

திருவேட்களத்துப் பாடம்

1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் முயற்சி, 1929-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1931-இல் ஈழத்து விபுலானந்த அடிகள் அங்குத் தமிழ்ப் பேராசிரியரானார். பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களம் தேவாரப் பாடல் பெற்ற தலம். எனினும் அவ்வூர்ச் சேரி மக்களுக்கு எழுத்து எட்டாதிருந்தது. அடிகள் அச்சேரிக்கு நடந்து சென்று கற்பித்தார். எந்தச் சட்டவிதியும் அவரை அங்கு அனுப்பவில்லை. இத்துறையில் ஊர் பல்கலைக்கழகத்தை முந்தியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. சுவாமி சகஜானந்தர் 1916-இலேயே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்டிருந்தார். பல்கலைக்கழகம் ஊருக்குக் கற்பிக்கும் முன் ஊரிடம் கற்க வேண்டியதும் உண்டு.

இசையும் மொழியும்

1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ் மண்ணின் அரங்குகளில் தமிழ்ப்பாடல் துக்கடாவாக ஒதுங்கி நின்ற நிலையை அது வினாவுக்குள்ளாக்கியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. வித்துவான்களுக்கு உரியதாயிருந்த வழக்கு பொதுமக்கள் வழக்காயிற்று.

1965-இல் விலை பெரிதாயிருந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த மாணவருள் ஒருவரான இராசேந்திரன், அவ்வாண்டு சனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தார். அவர் சிலை அண்ணாமலைநகரில் நிற்கிறது. மாநாடு கூட்டியது நிறுவனம். உயிர் கொடுத்தது மாணவன். பல்கலைக்கழகத்தின் பொதுவாழ்வு என்று நாம் பேசும்போது இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதுதல் முறையன்று.

தில்லை மரத்தின் சாட்சி

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் தந்த தலமரம், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் இன்றும் வளர்கிறது. முன்னாளில் அக்காட்டை வட்டம் வட்டமாக முற்ற வெட்டியதால் நிலம் தாழ்ந்தது, ஓதநீர் தேங்கியது, உப்பேறி மரங்கள் மீளவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடிக் கால்வாய் வெட்டி, அலைநீர் வந்துபோக வழிசெய்து, கன்று நட்டனர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கதிரேசன், இராசேந்திரன் என்னும் ஆய்வாளர், அப்பகுதிக் கடலோரச் சிற்றூர்கள் 18-இல் நேர்ந்த இழப்பை ஆராய்ந்து 2005-இல் கட்டுரை வெளியிட்டனர். காடு காத்தது என்பது அவர் முடிபு. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரிதும் காரணம் என 2006-இல் வேறு ஆய்வாளர் மறுத்தனர். இம்மறுப்பு ஆய்வுக்கு இழுக்கன்று. கடலோரத்தில் வீடு எங்கே கட்டுவது, மரம் எங்கே நடுவது என்னும் உயிர்க்கேள்வி அதனுள் அடங்கியுள்ளது.

ஆனால் அவ்வாதம் நடந்தது ஆங்கில ஆய்விதழில். எவருடைய இறப்பு அதில் எண்ணாக நின்றதோ, அவருடைய தமிழில் அன்று. காட்டின் கால்வாய்களில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் அதனைப் படித்து உடன்படவோ மறுக்கவோ இயலாது. அடிகள் திருவேட்களத்துக்கு நடந்த தொலைவு சிறிது. ஆய்விதழுக்கும் குப்பத்துக்கும் இடையே உள்ள தொலைவு அதனினும் பெரிது.

நிறைவாக

2013-இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி இப்பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது. பொதுமக்களின் பணத்தால் நடப்பது பொதுமக்களுக்குக் கணக்குக் கூறவேண்டும். அக்கணக்கு பட்டங்களின் எண்ணிக்கையில் முடியாது. சேரிக்கு நடந்த ஆசிரியர், மேடைக்கு வந்த தமிழ்ப்பாட்டு, கரைக்கு மீளவேண்டிய ஆய்வு ஆகியவையே அதன் வரவும் பற்றும் ஆகும். இவற்றுள் மூன்றாவது இன்னும் பற்றாகவே நிற்கிறது. அதனைத் தீர்ப்பதில் ஆய்வாளர்க்கு மட்டுமன்று, தமிழைத் தொழிலாகக் கொண்ட இலக்கிய வட்டங்களுக்கும் பங்குண்டு. கடலறிவைக் கரையிலுள்ளோர் மொழியில் சொல்லும் பணி, கவிஞர் கைக்கு எட்டாத பணியன்று.