கூடாரம் அடிக்கும் இடம்: தோட்ட மண் சொல்லும் வரலாறு



பள்ளி விடுமுறை நெருங்கும்போது சாரணர் முகாம், தலைமைத்துவ முகாம், குடும்ப முகாம் எனத் திட்டங்கள் தீட்டப்படுகின்றன. நெகிரி செம்பிலானில் உலு பெண்டுல், ஜெராம் தோய், போர்ட்டிக்சன் கடற்கரை ஆகியவை இதற்குப் பெயர் பெற்ற இடங்கள். எங்குச் செல்வது என்று கலந்து பேசும்போது கட்டணம் எவ்வளவு, கழிப்பறை உண்டா, கார் உள்ளே போகுமா என்பனவே முதலில் கேட்கப்படுகின்றன. நிலம் எப்படிப்பட்டது என்னும் கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. ஆயினும், தங்கும் இடத்தை நிலம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் பாடம் இந்நாட்டில் பல உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்கப்பட்டதாகும். தோட்டப்புற மக்களாகிய நாம் அதனை அறிந்திருத்தல் அவசியம்.

பாசறையும் சாரணர் முகாமும்

தமிழருக்குக் கூடார வாழ்வு புதிதன்று. போருக்குச் சென்ற வேந்தன் தங்கும் இடத்தைப் பாசறை என்றனர் முன்னோர். பத்துப்பாட்டுள் ஒன்றான நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, காட்டாறு ஓடும் நிலத்தில் புதர்களை வெட்டி அகற்றி, முள்வேலியிட்டு அமைத்த பாசறையைக் காட்டுகிறது. முதலில் நிலத்தைச் செப்பனிடுதல், பின்னர்க் காவல் செய்தல், அதன் பின்னரே தங்குதல் என்னும் ஒழுங்கை அதில் காணலாம்.

சிறுவர்களுக்கான முகாம் முறை மிகப் பின்னர் வந்தது. 1907-ஆம் ஆண்டு பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமே சாரணர் இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவ்வியக்கத்தின் வழியாகவே முகாம் வாழ்வு நம் பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளுள் ஒன்றாயிற்று.

லயங்கள் கற்பித்த பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிரிடக் காடுகள் அழிக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள், காடழித்த இடத்திலேயே லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களைப் பெருமளவில் கொன்றது குளிர்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-ஆம் ஆண்டு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதன் பின்னரே மலாயாவில் நோய்த்தடுப்பு முயற்சிகள் தொடங்கின.

1901-ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் வியப்பான ஓர் உண்மையைக் கண்டார். கடலோரச் சமவெளியில் காட்டை அகற்றிச் சதுப்பு நீரை வடித்தபோது காய்ச்சல் குறைந்தது. குன்றுப் பகுதித் தோட்டங்களிலோ அதே முறை பயன் தரவில்லை. காட்டை வெட்டியபின் நோய் பெருகவும் செய்தது. சமவெளிக் கொசு நிழல் படர்ந்த சதுப்பில் முட்டையிடும். குன்றுப் பகுதிக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடும். மரங்களை வெட்டியதால் வெயில் ஓடையில் விழுந்தது, கொசு பெருகியது. கண்ணுக்கு அழகாகவும் குடிக்கத் தூய்மையாகவும் தோன்றிய ஓடையே லயத்து மக்களுக்கு எமனாயிற்று. ஓரிடத்தில் பாதுகாப்பு அளித்த முறை வேறோர் இடத்தில் கேடாக முடியும் என்பது இதனால் விளங்கும். நெகிரி செம்பிலானிலும் பெரும்பகுதி குன்றும் பள்ளத்தாக்குமாக அமைந்த நிலமே என்பதை இங்கு நினைவிற்கொள்க.

பகாவ் குடியேற்றம்

இப்பாடம் மறக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. மக்கள்தொகையைக் குறைக்க எண்ணிய ஆட்சியாளர், கத்தோலிக்க யூரேசியரையும் சீனரையும் பகாவ் அருகே குடியேற்றினர். 1943-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் குழுவினர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் மண்வெட்டி பிடித்தறியாத நகரவாசிகள். காட்டை வெட்டி அவர்கள் குடிசைகள் கட்டினர். அவ்விடமோ மலேரியா மலிந்த இடம். மருந்து போதவில்லை, பயிரும் சரிவர விளையவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். குடியேற்றத்தை வழிநடத்திய ஆயர் தேவால்ஸ் 1945-ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தார். அவர்களிடம் உழைப்புக்கும் மனவுறுதிக்கும் குறைவில்லை. இடம்தான் அவர்களைக் கைவிட்டது.

பத்தாங்காலி

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க இயலாது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் போஸ் டிப்பாங்கில் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுசென்றது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அதிகாலை, சிலாங்கூர் பத்தாங்காலியில் முகாமுக்கு மேலிருந்த சரிவு இடிந்து விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் மாண்டனர். மாண்டவர்களுள் குழந்தைகளும் ஆசிரியர்களும் இருந்தனர். அது பள்ளி விடுமுறைக் காலம். அவ்விடத்திற்கு வேளாண் பண்ணை நடத்த அனுமதி இருந்ததேயன்றி, முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பின்னர் வெளியாயிற்று. பிள்ளைகளை மகிழ்விக்கச் சென்ற பெற்றோர் எவருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். முகாம் நடத்த உரிமம் உண்டா? கூடாரத்திற்கு மேலே என்ன இருக்கிறது? செங்குத்தான சரிவோ வெட்டப்பட்ட மண்மேடோ இருந்தால் அவ்விடம் வேண்டா. சாய்ந்து வளர்ந்த மரங்கள், மண்ணில் புதிய வெடிப்பு, சரிவிலிருந்து கசியும் கலங்கல் நீர் ஆகியவை நிலம் நகர்வதன் அறிகுறிகள்.

ஓடைக்கரையில் கூடாரம் அடித்தல் ஆகாது. மேட்டில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே மாணவர்களைக் கரையேற்றி மேட்டிற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பட்ட மரங்களின் அடியிலும் பழைய ரப்பர் மரங்களின் அடியிலும் தங்குதல் கூடாது. காற்றில் கிளைகள் முறியும்.

கேரவன் வண்டியில் செல்லும் குடும்பத்தினர், மழையில் இளகாத கெட்டியான சமதரையைத் தேட வேண்டும். வண்டியை வெளியேறும் வழியை நோக்கி நிறுத்துவது நன்று. கடற்கரையில் தங்குவோர் ஓத நீர் ஏறும் எல்லையைத் தாண்டிக் கூடாரம் அமைக்க வேண்டும்.

கொசுவையும் மறத்தல் ஆகாது. மனிதரிடையே பரவும் மலேரியா 2018-ஆம் ஆண்டு நம் நாட்டிற்குள் ஒருவரையும் தொற்றவில்லை. எனினும், குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசு வழியாகப் பரவும் மலேரியா இன்னும் ஆண்டுதோறும் பலரைத் தாக்குகிறது. காட்டோர முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், எங்குச் சென்று வந்தோம் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

லயத்து மக்களுக்குத் தங்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. துரை காட்டிய இடத்தில் அவர்கள் வாழ்ந்தனர், மாண்டனர். நமக்கு அவ்வுரிமை உண்டு. அடுத்த விடுமுறைக்கான பெற்றோர் அனுமதிக் கடிதத்தைத் தயாரிக்குமுன், ஆசிரியர் ஒருவர் அவ்விடத்திற்கு நேரில் சென்று நிலத்தைப் பார்த்து வரட்டும். நம்மை நம்பி ஒப்படைக்கப்படும் பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய முதற்கடமை அதுவே.