கொழுப்பு மாத்திரையும் கனிம மருந்துகளும்

கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதை மட்டுப்படுத்தும் ஸ்டாட்டின் வகை மருந்துகளையே பேச்சுவழக்கில் 'கொழுப்பு மாத்திரை' என்கிறோம். ஜப்பானியர் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987இல் லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம் மருந்துக் கடைகளில் அதிகம் புழங்குபவை அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும்.

இந்த மாத்திரைகளோடு கனிம மருந்துகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே இங்கே பேச்சு. சேலம் மாவட்டச் சங்ககிரி வட்டாரத்துக்குக் கனிமங்கள் புதிதல்ல. சிமென்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் எலும்புக்கென்று விழுங்கும் பெரும்பாலான கால்சிய மாத்திரைகளும் அடிப்படையில் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். சேலம் மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட்.

'கொழுப்பு மாத்திரையோடு சத்து மாத்திரை சேர்த்துப் போடலாமா?' என்று தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கனிமம் என்று யாரும் எண்ணாத 'கேஸ் மருந்து'தான் இங்கே கவனிக்க வேண்டியது. லாரித் தொழில் ஊரான சங்ககிரியில் ராத்திரி பரோட்டா, நெஞ்செரிச்சல், மூடியில் ஊற்றிக் குடிக்கும் இளஞ்சிவப்பு டானிக், கூடவே கொழுப்பு மாத்திரை என்பது சாதாரண வரிசை. அந்த டானிக்கில் இருப்பவை பெரும்பாலும் அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடுகள். ரோசுவாஸ்டாட்டினுடன் அதைச் சேர்த்துக் குடித்தால், இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து டானிக் குடித்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். அட்டோர்வாஸ்டாட்டினின் அளவும் சுமார் 35 விழுக்காடு குறைகிறது. ஆனால் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் அதன் வேலை கெடுவதில்லை. இந்த இரண்டு ஸ்டாட்டின்களையும் எந்த வேளையிலும் போடலாம். ஆகவே இரவில் டானிக் தேவைப்படுபவர்கள், மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது எளிய வழி.

கொழுப்புக்கென்று கொடுக்கப்படும் கொலஸ்டிரமின் பொடி வேறு வகை. குடலிலேயே பிற மருந்துகளைப் பற்றிக்கொள்ளும் என்பதால், மற்றவற்றை 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரையும் போடுபவர்கள் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளிலிருந்து அதற்கு 4 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

ஸ்டாட்டின் போடும் சிலருக்குத் தசைவலி வரும். கெண்டைக்கால் பிடிப்பு என்று தாமாகவே மெக்னீசியம் வாங்கிச் சாப்பிடும்போது உண்மைக் காரணம் மறைந்துபோகலாம். வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அரிதான நிலையின் அறிகுறி அது.