மாலுமியின் சிட்டையும் மாத்லா துறைமுகமும்

சுந்தரவனம் பார்க்கப் போகும் நம் கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்கள் சியால்தாவில் ரயிலேறி, கேனிங்கில் இறங்குவது வழக்கம். மாத்லா ஆற்றங்கரையில் உள்ள இந்தச் சின்ன ஊர், ஒரு காலத்தில் கல்கத்தாவுக்கு ஈடான துறைமுகமாக வரும் என்று நம்பிக் கட்டப்பட்டது என்றால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.

ஹென்றி பிடிங்டன் (1797-1858) கப்பல் தலைவராக இருந்து வங்காளத்தில் தங்கிவிட்டவர். புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளை மாலுமிகளிடம் கேட்டு வாங்கினார். எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தத் திசை, பாரமானி எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்து வரைபடத்தில் குறித்தார். காற்று ஒரு மையத்தைச் சுற்றுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. 'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-இல் தம் நூலில் வழங்கியவரும் இவரே.

கடைக் கணக்கில் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று உண்டல்லவா? மாலுமி எழுதியது சிட்டை. பிடிங்டன் எழுதியது பேரேடு. அதைப் பார்த்து ஆட்சியாளர் முடிவெடுக்க வேண்டியது ஐந்தொகை. சிட்டை இல்லாத ஐந்தொகையை எந்த வியாபாரியும் ஒத்துக்க மாட்டான். அதற்காகச் சிட்டையில் கண்டதெல்லாம் சரி என்றும் விட முடியாது. ஒத்துப் பார்த்தே ஏற்ற வேண்டும்.

மாத்லாவில் துறைமுகம் வேண்டாம், புயலோடு 5 முதல் 15 அடி உயரம் வரை கடலலை வந்து மூடும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு அவர் எழுதினார். யார் கேட்டாங்க? துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பர் புயலில் அலை புகுந்து சீரழித்தது. சில ஆண்டுகளில் துறைமுகத்தையே கைவிட்டார்கள். இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875-இல்தான்.

1988-இல் அமைந்த ஐ.பி.சி.சி. குழுவின் 2022 அறிக்கை, உள்ளூர் மக்களின் அறிவையும் பழங்குடியினர் அறிவையும் அறிவியலோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல காரியம். 2009-இல் ஐலாவும் 2020-இல் அம்பனும் தாக்கிய இந்தச் சுந்தரவனத்தில், எந்தக் கரை முதலில் உடையும் என்பது படகுக்காரருக்கும் தேன் எடுப்பவருக்கும் தெரியும். அணை போடுமுன் அவர்கள் சிட்டையையும் வாங்கிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு, அது சொல்வதைக் கேட்கவும் வேண்டும். 1853-இல் விட்டுப்போனது இந்த இரண்டாவதுதான்.