உறைக்குள் ஒளிந்த கொழுப்பு

நீர்மமான எண்ணெய்யைக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறைக்கு 1902ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானிய வேதியியலார் வில்ஹெல்ம் நார்மன். நிக்கல் உலோகத்தின் துணையோடு, சூடான எண்ணெய்யில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துவதே அம்முறை. இவ்வினையைப் பாதியில் நிறுத்தினால் கொழுப்பு மென்மையாக அமையும். ஆயின், அதன் மூலக்கூறுகள் சிலவற்றின் வடிவம் மாறிவிடும். அவையே டிரான்ஸ் கொழுப்பு எனப்படுபவை.

1911இல் அமெரிக்காவில் 'கிரிஸ்கோ' விற்பனைக்கு வந்தது. 1937இல் இந்தியாவில் 'டால்டா' வந்தது. விலை மலிவு, விரைவில் கெடாத தன்மை, பலகாரத்தின் மொறுமொறுப்பு ஆகியவற்றால் மக்கள் அதனை விரும்பினர். வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்றுவிடுவார்களோ என்பதே இந்திய அரசின் அச்சமாக இருந்தது. எனவே வனஸ்பதியில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டுமெனச் சட்டம் வகுத்தனர். கலப்பட நெய்யைச் சோதித்தால் நல்லெண்ணெய் செந்நிறங் காட்டிக் கொடுத்துவிடும். நெய்யைக் காக்க எத்துணை நுட்பம்! உண்பவரின் குருதிக்குழாயை அச்சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

அதனை எண்ணியவர் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்து ஃபிரெட் கும்மரோ. இறந்தோரின் உடல் திசுக்களில் இக்கொழுப்பு படிந்திருந்ததை அவர் 1957இல் வெளியிட்டார். கேட்பார் குறைவு. 1990இல் நெதர்லாந்து அறிஞர்கள் மென்சிங்க், கட்டான் இருவரும், இது தீய கொலஸ்டிராலை உயர்த்தி நல்லதைக் குறைக்கிறது எனக் காட்டிய பின்னரே உலகம் விழித்தது.

2003இல் டென்மார்க், உணவிலுள்ள கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமே வரம்பு என விதித்தது. அமெரிக்காவோ 2006 முதல் உறையில் அளவைக் குறித்தால் போதும் என்றது. அக்குறிப்பிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு வேளைப் பங்கில் அரைக் கிராமுக்குக் குறைவாயின் 'சுழியம்' என அச்சிடலாம். பங்கொன்றில் 0.4 கிராம் உள்ள பிஸ்கட்டை ஐந்து பங்கு உண்பவர் 2 கிராம் உட்கொள்வார். உறையோ சுழியம் என்றே கூறும். எழுத்தறிந்தவரையும் ஏமாற்றும் இக்கணக்கை நேர்மையான அறிவிப்பென்று எப்படிச் சொல்வது?

கும்மரோ 2009இல், தம் 94ஆம் வயதில், தடை கோரி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் மனுச் செய்தார். பதிலின்மையால் 2013இல் வழக்கும் தொடுத்தார். பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் பாதுகாப்பானதன்று என்னும் முடிவு 2015இல் வந்தது. நிறுவனங்களுக்கு 2018 வரை தவணை தரப்பட்டது. அவர் 2017இல், 102ஆம் வயதில் காலமானார்.

சிங்கப்பூர் 2012இல் சமையல் எண்ணெய், கொழுப்பு வகைகளுக்கு அதே 2 கிராம் வரம்பை ஏற்றது. 2021 ஜூனில், பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்யை உணவில் சேர்ப்பதையே முற்றாகத் தடுத்தது.