மெய்நிகர் பொறியும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் மின்னாவணங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரே சேவையகத்தினுள், தனித்தனி இயங்குதளம் கொண்ட பல கணினிகள் இருப்பதுபோல் செயற்படச் செய்யும் ஏற்பாடு மெய்நிகர் பொறி எனப்படுகிறது. செலவைக் குறைக்கும் உத்தியாகவே இது பெரிதும் பேசப்படுகிறது. தமிழாய்வாளருக்கு இதனால் விளையும் பயன் வேறு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்களை, அவை உருவான சூழலிலேயே மீண்டும் திறந்து காண இது வழி தருகிறது. எவ்வகை ஆவணத்திற்கு இவ்வழி பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை வரலாற்று அடிப்படையில் ஆராய்கிறது.

தோற்றமும் தமிழகத் தொடர்பும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவான சிபி-40, 1967 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழிவந்த விஎம்/370 என்னும் இயங்குதளம் 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. 370 என்னும் வரிசைப் பெயரைக் கண்டு, மெய்நிகர் பொறி வசதியும் உடன்வந்தது என முடிவுசெய்தல் தவறு. 155 மாதிரி 1970-இல் வெளிவந்தபோது முகவரி மாற்று வன்பொருள் அதில் இல்லை. அதனைத் தனியே சேர்த்தாலன்றி விஎம்/370 அதில் இயங்காது. 1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது.

யூனிக்சின் வரலாறு வேறு திசையிற் சென்றது. அதன் ஏழாம் பதிப்பில் (1979) ஒரு நிரலைக் கோப்பமைப்பின் ஒரு பகுதிக்குள் மட்டும் அடைத்துவைக்கும் வசதி தோன்றியது. இது பொறியன்று, வேலி மட்டுமே. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 அவ்வேலியைச் 'சிறை' என்னும் பெயரில் வலுப்படுத்தியது. இந்தியாவில் சி. ரங்கராஜன் குழுவின் 1984 அறிக்கை வங்கிக் கணினிமயத்திற்கு வழியமைக்க, யூனிக்சு வங்கிகளில் வேரூன்றியது. இன்டெல் செயலிகளிலோ முழுமையான மெய்நிகராக்கம் எளிதாக அமையவில்லை. 2005, 2006-ஆம் ஆண்டுகளில்தான் செயலியிலேயே அதற்கான வசதி சேர்க்கப்பட்டது. 2007-இல் கேவிஎம் லினக்சுக் கருவத்தின் பகுதியாயிற்று.

இருவகை ஆவணங்கள்

போப்பெக், கோல்ட்பர்க் இருவரும் 1974-இல் மெய்நிகர் பொறிக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தனர். அவற்றுள் முதன்மையானது ஒப்புமை: உண்மைப் பொறியில் ஒரு நிரல் எவ்வாறு நடக்குமோ, மெய்நிகர் பொறியிலும் அவ்வாறே நடக்கவேண்டும். தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை இவ்விலக்கணம் ஓரிடத்தில் தடைப்படுகிறது.

ஐஐடி கான்பூரில் தொடங்கிப் புனே சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், இந்திய எழுத்துகளை ஒரு வன்பொருள் அட்டையின் வழியே திரையில் காட்டியது. யூனிக்சுக் கணினிகளுக்கு ஜிஸ்ட் முனையங்களும் இருந்தன. கேவிஎம்மும் கியூஇமுவும் பொதுவான வட்டு, திரை போன்றவற்றைப் போலச்செய்யுமே தவிர, இவ்வட்டையை அறியா. எனவே அப்பொறியை மீட்டல் அரிது. ஆனால் கோப்பில் எழுதப்பட்டது இஸ்கி (ஐஎஸ் 13194:1991) குறியீடு. யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகள் இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவை அடியொற்றியவை. ஆதலால் பனுவலை ஏறத்தாழ நேரடியாகவே மாற்றிவிடலாம். பொறி அழிந்தது, பனுவல் பிழைத்தது.

எழுத்துருக்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே 'கொ' என்பது ஓர் உயிர்மெய்யாகச் சேமிக்கப்படவில்லை. கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவத் துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டது. எத்துண்டுக்கு எவ்வெண் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி அரசு டாம், டாப் ஆகியவற்றைத் தரமாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் தனியார் எழுத்துருக்கள் வழங்கிவந்தன. பழனிமலை அடிவாரத்து அய்யம்பாளையத்திலிருந்து வந்த ஆய்வு மாணவர் ஒருவர், வத்தலக்குண்டு டிடிபி மையமொன்றில் தம் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்திருந்தால், அவ்வெழுத்துரு இன்று கிடைக்காதவரை அக்கோப்பு வெறும் இலத்தீன் எழுத்துக் குவியலே. பொறியை மீட்பது எளிது, பனுவலே சிக்கலானது.

மீட்பு முறை

இவ்விரண்டாம் வகைக்கே மெய்நிகர் பொறி இன்றியமையாதது. லினக்சுச் சேவையகத்தில் செயலியின் மெய்நிகராக்க வசதி இயங்குகிறதா என முதலில் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 98 போன்ற பழைய தளங்களுக்கு விரைவு பெரிதன்று. கியூஇமு செயலியையே போலச்செய்தாலும் போதும். பழைய வட்டைத் துண்டுக்குத் துண்டு படியெடுத்து, அப்படியை எழுதவியலாக் கோப்பாகப் பூட்டி, மாற்றங்களெல்லாம் மேலடுக்கான வேறொரு கோப்பில் மட்டும் பதியுமாறு அமைத்தல் நன்று. மூலச்சுவடியைத் தொடாமல் படியில் பணிசெய்யும் பதிப்பாசிரியர் நெறியே இது. வலையிணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அத்தளத்திற்கு இன்று பாதுகாப்பு இற்றைப்படுத்தங்கள் வருவதில்லை.

குறிமாற்று நிரல்கள் இருக்க இத்தனை பாடு எதற்கு என்னும் வினா எழலாம். குறிமாற்றி சொற்களைத் தருமேயன்றி, பக்கப் பிரிவைத் தராது. எழுத்துரு மாறினால் வரியின் அளவு மாறும். பக்க எண்ணும் மாறும். 1990களின் ஆய்வேட்டிலிருந்து பக்க எண்ணோடு காட்டப்பட்ட மேற்கோளை, அச்சுப்படி தொலைந்துபோன நிலையில், மெய்நிகர் பொறியின் திரையில்தான் சரிபார்க்க இயலும். அங்கும் அச்சுப்பொறி இயக்கி வேறுபட்டால் பக்கம் நகரக்கூடும் என்பதால், அன்றைய இயக்கியையும் எழுத்துருக் கோப்பையும் வட்டுப் படியோடு சேர்த்தே காக்கவேண்டும்.