நான்கு வெள்ளைக் கொக்குகள்

மதுராந்தகம் பக்கத்து ஏரிகளில் தை மாதம் வெள்ளையாக நிற்பதையெல்லாம் கொக்கு என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுவது ஊர் வழக்கம். அதில் நான்கு இனம் கலந்து நிற்கிறது: உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, நடுத்தரக்கொக்கு, பெரியகொக்கு. பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நான், பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்த பிறகுதான் இவற்றைப் பிரிக்கப் பழகினேன். பழகப் பழக, இந்த வித்தையை முதலில் யார், எதற்காகக் கற்றார்கள் என்று பழைய சங்கதிகளைக் கிளறத் தொடங்கினேன்.

ஊரார் மேல் குறை சொல்ல முடியாது. வேடந்தாங்கல்காரர்களுக்குப் பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். எந்தக் கொக்கின் எச்சம் என்று நெல் கேட்பதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, யாரும் சுடக்கூடாது என்று கவுல், அதாவது எழுத்து உத்தரவு, வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வைத்துக்கொண்டார்கள். பெயர் பிரிக்காமலே காப்பாற்றியவர்கள் அவர்கள்.

பெயர் பிரித்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். அவர் காலத்து முறை எளிது: சுடு, தோலை உரி, பஞ்சை அடை, அலகையும் காலையும் அளந்து எழுது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம், காங்கிரஸைத் தொடங்கிவைத்த அதே ஹியூம்தான், 1885இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்த தோல்களும் முட்டைகளும் சேர்ந்து எண்பதாயிரத்தைத் தாண்டும். இன்று நாம் புரட்டுகிற கையேடுகளின் நுணுக்கங்களில் பாதி அந்த மேஜைகளில் பிறந்தவை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

கொக்கைச் சுட இன்னொரு காரணமும் இருந்தது. கூடு கட்டும் காலத்தில் மட்டும் அதற்குச் சரிகை போல மெல்லிய இறகுகள் முளைக்கும். ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்கு அவை வேண்டியிருந்தன. லண்டன் ஏலத்தில் அவுன்ஸ் கணக்கில் விலை போயின. கூட்டில் இருக்கும்போதே தாயைச் சுட்டதால் குஞ்சுகளும் பட்டினியில் செத்தன. 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சிந்துவில் சிலர் சின்னக்கொக்கைப் பட்டியில் அடைத்து வளர்த்தே இறகு எடுத்தார்கள். இங்கிலாந்து இறக்குமதியை நிறுத்தச் சட்டம் போட்டது 1921இல்தான்.

சுடாமல் எண்ணுவது அமெரிக்காவில் தொடங்கியது. கிறிஸ்துமஸ் அன்று கோஷ்டி பிரிந்து யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி போடுவது அங்கே வழக்கமாக இருந்தது. அதற்கு மாற்றாகச் சுடாமல் எண்ணுவோம் என்றார் ஃபிராங்க் சாப்மன். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். ஆனால் கையில் பிடிக்காத பறவையை எப்படி நிச்சயமாகச் சொல்வது? அதற்கு விடை 1934இல் வந்தது. ஓவியம் படித்து, பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த ராஜர் டோரி பீட்டர்சன் ஒரு கையேடு போட்டார். ஒன்றைப் போல ஒன்று இருக்கும் பறவைகளை ஒரே பக்கத்தில் வரைந்து, எங்கே வித்தியாசமோ அங்கே ஒரு சின்னக் கோட்டை நீட்டிக் காட்டினார். இறகு இறகாக வரைந்து மாய்ந்த மேதைகளைவிட அந்தக் கோடுதான் பெரிய காரியம் என்பேன். (என் தொழில் பாசம் என்று சொன்னாலும் சரி.) நம் நாட்டுக்கு சாலிம் அலியின் புத்தகம் 1941இல் வந்தது. தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய கையேட்டை க்ரியா 2013இல் போட்டது.

கையேடு கையிலிருந்தாலும் நம் ஏரியில் ஒரு கண்ணி உண்டு. அலகு மஞ்சளானால் நடுத்தரக்கொக்கு, கறுப்பானால் சின்னக்கொக்கு என்று புதிதாக வருகிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். வடக்கே ஜனவரியில் இது பெரும்பாலும் சரி. அங்கே கொக்கு கூடு கட்டுவது ஜூலை மழையில். தை மாதம் அலகு மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஏரி நிரம்பிய பிறகுதான் இங்கே கூடு. ஆகவே பொங்கலன்று, கூடு கட்டும் நடுத்தரக்கொக்கின் அலகு கறுத்திருக்கும். பெரியகொக்கின் அலகும் அப்படியே. மனப்பாடத்தை நம்பினால் எல்லாமே சின்னக்கொக்கு.

அப்போது கைகொடுப்பது, அன்று உயிரை வாங்கிய அதே இறகுதான். சின்னக்கொக்குக்குப் பிடரியில் நீளமாக இரண்டு இறகு தொங்கும். நடுத்தரக்கொக்குக்குப் பிடரியில் கிடையாது, மார்பிலும் முதுகிலும் உண்டு. பெரியகொக்குக்கு முதுகில் மட்டும். இறகு தெரியாவிட்டால், அலகின் பிளவு கண்ணை நோக்கி நீளும் வாய்க்கோட்டைப் பாருங்கள்: பெரியகொக்குக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக்கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். சின்னக்கொக்கின் மஞ்சள் பாதம் சேற்றில் புதைந்திருந்தால் அது பறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உண்ணிக்கொக்கு குட்டை, கழுத்தும் தடிமன். மாட்டோடு நின்றால் சந்தேகமே இல்லை.

பொங்கல் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எண்ணி, இபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். பையன்கள் இப்போது கேமராவில் சுட்டுவந்து வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஜெர்டனின் மேஜைதான், ரத்தம் மட்டும் இல்லை. அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு சண்டை உண்டு. தூரத்துக் கரையில் நிற்கும் கூட்டத்தை 'சின்னக்கொக்கு 200' என்று கூச்சமில்லாமல் எழுதிவிடுகிறார்கள். இனம் தெரியாத வெண்கொக்கு என்று பதிய அதே செயலியில் இடம் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து எந்தக் கொக்கு குறைந்தது என்று தேடுகிறவரை, விட்டுப்போன எண்ணைவிடத் தப்பான எண்தான் அதிகம் ஏமாற்றும். அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரிக்குப் போகிறவர்கள் அலகின் நிறத்தை ஓரமாக வையுங்கள். பிடரியையும் வாய்க்கோட்டையும் பாருங்கள். பார்க்க முடியாததைத் தெரியாது என்றே பதியுங்கள்.